‘சின்டாக்ஸ் மட்டும்தான் வேறு’ என்னும் மூடநம்பிக்கை

“ஒரு புரோகிராமிங் மொழியை ஒழுங்காகக் கற்றுக்கொள். மற்றதெல்லாம் அதே லாஜிக்தான், சின்டாக்ஸ் மட்டும்தான் வேறு.” பொறியியல் கல்லூரி வகுப்பிலும், பயிற்சி மையத்தின் விளம்பரத் தட்டியிலும், நேர்முகத் தேர்வுக்குப் போகும் தம்பிக்கு அண்ணன் சொல்லும் அறிவுரையிலும் இந்த வாக்கியம் வேதவாக்காக ஒலிக்கிறது. இதை மறுத்துப் பேசுபவரைக் காண்பது அரிது. மறுத்தே ஆக வேண்டும் என்பதற்காக இந்தக் கட்டுரை.

அந்தக் கருத்துக்கு உரிய நியாயத்தை முதலில் சொல்லிவிடுவோம். ஆலன் டூரிங் 1936இல் போட்ட அடித்தளத்தின்படி, ஒரு பொதுப்பயன் மொழியில் கணிக்க முடிவதை இன்னொன்றிலும் கணிக்க முடியும். வேரியபிள், லூப், ஃபங்ஷன், ரிகர்ஷன் ஆகியவற்றைச் சி மொழியில் புரிந்துகொண்டவர் பைத்தானுக்குப் போகும்போது அவற்றை மறுபடி அரிச்சுவடியிலிருந்து படிக்க வேண்டியதில்லை. முதல் மொழிக்கு ஓர் ஆண்டு ஆனால், இரண்டாவது மொழி சில வாரங்களில் கைக்கு வரும். நான்காண்டுப் படிப்பில் பத்து மொழிகளைச் சொல்லிக்கொடுக்கவும் முடியாது. இவ்வளவும் உண்மை.

பிழை எங்கே இருக்கிறது? இந்தக் கருத்து ஒரு மொழியை இரண்டே கூறாக வெட்டுகிறது: எங்கும் பொதுவான லாஜிக் ஒன்று, இடத்துக்கு இடம் மாறும் எழுத்துமுறை இன்னொன்று. மூன்றாவதாக ஒன்று இருப்பதை அது பார்ப்பதே இல்லை. எழுதிய வரியைப் படித்துவிட்டு இயந்திரம் உண்மையில் என்ன செய்கிறது என்பதே அந்த மூன்றாவது. அதைப் பொருள் என்று அழைக்கிறேன். பார்வைக்கு ஒன்றாகத் தெரியும் வரிக்கு மொழிதோறும் பொருள் மாறுகிறது.

இதற்குச் சாட்சி தேடி அலைய வேண்டாம். உலகெங்கும் புரோகிராமர்கள் சலிக்காமல் கேட்கும் கேள்விகளே சாட்சி. ஜாவாவில் இரண்டு ஸ்ட்ரிங்குகளில் ஒரே எழுத்துகள் இருந்தும் == ஏன் ‘இல்லை’ என்கிறது? பைத்தானில் ஒரு லிஸ்ட்டைத் திருத்தினால் இன்னொன்றும் ஏன் மாறுகிறது? ஜாவாஸ்கிரிப்ட் லூப்புக்குள் எழுதிய ஃபங்ஷன்கள் ஏன் கடைசி எண்ணையே காட்டுகின்றன? இவற்றில் ஒன்றுகூட சின்டாக்ஸ் பற்றியது இல்லை. அரைப்புள்ளியை விட்டுவிட்டால் கம்பைலரே வரி எண்ணைக் காட்டித் திட்டிவிடும். இந்தக் கேள்விகளைக் கேட்பவரின் நிரல் ஓடுகிறது. ஓடி, தவறான விடையைத் தருகிறது.

இனி என் மறுப்புகள்.

1. எண் எல்லா மொழியிலும் எண்தானே என்கிறார்கள். இல்லை.

கணினிப் பாடத்தில் எல்லோரும் படிக்கும் பைனரி சர்ச் முறையை எடுத்துக்கொள்வோம். அதன் உயிர்நாடி ஒரே வரி: கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் கூட்டி இரண்டால் வகுத்து நடுவைக் கண்டுபிடி. இதைவிட ‘வெறும் லாஜிக்’ ஒன்று இருக்க முடியாது. அதே வரியை நான்கு மொழிகளில் எழுதிப் பாருங்கள். ஜாவாவில் இரண்டு எல்லைகளின் கூட்டுத்தொகை 2,147,483,647ஐத் தாண்டினால் எண் சுற்றிக்கொண்டு மைனஸுக்குப் போய்விடும், நிரல் விழுந்துவிடும். சி மொழியில் அப்படித் தாண்டினால் என்ன நடக்கும் என்பதற்கு மொழியின் விதிமுறையே உத்தரவாதம் தருவதில்லை. பைத்தான் 3இல் முழு எண்ணுக்கு மேல்வரம்பு கிடையாது. ஆனால் / குறி தசம எண்ணைத் தரும் என்பதால் அதை அரேயின் இட எண்ணாகக் கொடுத்த உடனே பிழைச்செய்தி வந்து நிற்கும். ஜாவாஸ்கிரிப்ட்டில் 3.5ஆவது இடத்தைக் கேட்டாலும் சத்தம் வராது, ‘அன்டிஃபைன்ட்’ என்ற வெறுமை திரும்பும்.

இது ஏட்டுச் சுரைக்காய் என்று தள்ளிவிட வேண்டாம். ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே இந்தப் பிழை ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் குடியிருந்தது. அந்த நிரலை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006இல் அதை வெளிப்படையாக எழுதினார். அவர் பின்பற்றியது ஜான் பென்ட்லி தன் ‘புரோகிராமிங் பேர்ல்ஸ்’ நூலில் சரியென்று நிறுவிக்காட்டிய முறையை. கணிதத்தின்படி அந்த நிறுவல் சரிதான். கணிதத்தின் எண்ணுக்கு எல்லை இல்லை, ஜாவாவின் எண்ணுக்கு உண்டு. அரேயில் நூறு கோடிக்கு மேல் உறுப்புகள் சேரும் காலம் வந்தபோது அந்த வேறுபாடு வெளியே வந்தது.

சிறிய எண்களிலும் இதே கதைதான். ஞாயிறு 0, சனி 6 என்று வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கு முந்தின நாளைக் கண்டுபிடிக்க ஒன்றைக் கழித்து ஏழால் வகுத்து மீதி எடுங்கள். பைத்தான் 6 என்று சனிக்கிழமையைத் தரும். சி, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் -1 தரும். வாரத்தில் அப்படி ஒரு நாள் இல்லை. லாஜிக் மாறவில்லை, சின்டாக்ஸ்கூட மாறவில்லை, % என்ற அதே குறிதான். விடை மட்டும் மாறிவிட்டது.

2. ‘சமம்’ என்றால் சமம்தானே? எந்த மொழியில் என்று முதலில் சொல்லுங்கள்.

ஜாவாவில் இரண்டு ஸ்ட்ரிங்குகளை == கொண்டு ஒப்பிட்டால், இரண்டும் நினைவகத்தில் ஒரே ஆப்ஜெக்டா என்பதைத்தான் அது பார்க்கும், எழுத்துகளைப் பார்க்காது. இதைவிட விபரீதம் ‘இன்டிஜர்’ வகை. 127ஐ இரண்டு பெட்டிகளில் போட்டு == என்று கேட்டால் ‘ஆம்’. 128ஐப் போட்டுக் கேட்டால் ‘இல்லை’. -128 முதல் 127 வரையுள்ள எண்களை ஜாவா முன்கூட்டியே செய்துவைத்துப் பகிர்ந்துகொள்வதே காரணம். சின்ன எண்களை வைத்துச் சோதித்துவிட்டு ‘சரியாக இருக்கிறது’ என்று கையெழுத்துப் போட்டவர், வாடிக்கையாளர் எண் 128ஐத் தொடும் நாளில் மாட்டிக்கொள்வார்.

பிஎச்பியில் 0 என்ற எண்ணும் எழுத்துகளாலான ஒரு சாதாரணச் சொல்லும் சமம் என்ற விடை நெடுங்காலம் வந்துகொண்டிருந்தது. 2020இல் வெளிவந்த எட்டாம் பதிப்பில்தான் அதை மாற்றினார்கள். எஸ்க்யூஎல்லிலோ ‘நல்’ இன்னொரு ‘நல்’லுக்குச் சமம் என்று ஆகாது. ‘நல்’லாக இருக்கும் வரிசைகளை = போட்டுத் தேடினால் ஒன்றும் வராது. ஆரக்கிள் வெற்று ஸ்ட்ரிங்கையே ‘நல்’லாக எடுத்துக்கொள்ளும். மைஎஸ்க்யூஎல்லும் போஸ்ட்கிரெஸ்ஸும் அப்படிச் செய்யா. ஒரு தரவுத்தளத்திலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயர்கிறவர்கள் ‘எழுத்துமுறை வேறுபாடு’களை மட்டும் திருத்திவிட்டு உட்கார்ந்தால், பெயரின் நடுப்பகுதி இல்லாத வாடிக்கையாளர்கள் பட்டியலிலிருந்தே காணாமல் போவார்கள்.

3. எழுத்து எழுத்துதானே என்பவர்கள் தமிழில் ஒரு சொல்லைக் கொடுத்துப் பார்க்கட்டும்.

கேம்பஸ் இன்டர்வியூவில் கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோன கேள்வி ஒன்று உண்டு: கொடுத்த சொல் முன்னும் பின்னும் ஒன்றாக வருகிறதா என்று கண்டுபிடி. “எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம், எங்களுக்கு லாஜிக்தான் முக்கியம்” என்று தேர்வாளர் பெருந்தன்மையாகச் சொல்வார். மாணவர் சொல்லைத் திருப்பிப்போட்டு, மூலத்தோடு ஒப்பிட்டு, முழு மதிப்பெண் வாங்குவார். அந்த நிரலுக்கு ‘விகடகவி’ என்று கொடுங்கள். பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் கூசாமல் ‘இல்லை’ என்று சொல்லும். யுனிகோடில் ‘வி’ என்பது வகரமும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு அலகுகள். திருப்பிப்போட்டால் குறி முன்னால் வந்து, எழுத்து பின்னால் போய்விடுகிறது. ஸ்விஃப்ட் மொழியில் அதே லாஜிக்கை எழுதினால் ‘ஆம்’ என்று வரும். அங்கே எழுத்து என்பது படிப்பவர் கண்ணுக்குத் தெரியும் முழு எழுத்து.

‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் என்ன? ஸ்விஃப்ட் 3 என்கிறது. பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் 5 என்கின்றன. கோ மொழியும் ரஸ்ட்டும் நீளம் கேட்டால் பைட் கணக்கில் 15 என்கின்றன. ஒவ்வொன்றும் தன் இலக்கணப்படி சரியான விடை. இனி, “பெயர் 20 எழுத்துக்குள் இருக்க வேண்டும்” என்று ஒரு விண்ணப்பப் படிவத்தில் விதி எழுதுங்கள். சேவையகம் ஒரு மொழியிலும் கைபேசிச் செயலி இன்னொரு மொழியிலும் எழுதப்பட்டிருந்தால், செயலி ஏற்றுக்கொண்ட பெயரைச் சேவையகம் திருப்பி அனுப்பும். ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்தவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ‘கொ’ என்ற எழுத்தின் ஒகரக் குறியை யுனிகோடில் ஒரே அலகாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ஸ்விஃப்ட் இரண்டையும் ஒன்றாகக் கொள்ளும். பைத்தானிலும் ஜாவாவிலும் நாமாக முறைப்படுத்தாவிட்டால் அவை வேறு வேறு. கொடுமுடி என்று தேடி, பட்டியலில் இருக்கும் கொடுமுடியே கிடைக்காமல் போவதற்கு இது போதும்.

4. லூப்பையாவது விட்டுவைப்போமா? அதுவும் பொதுவானதாக இல்லை.

ஒரு பட்டியலை இன்னொரு வேரியபிளில் போடுகிறீர்கள். பைத்தானில் இப்போது ஒரே பட்டியலுக்கு இரண்டு பெயர். பிஎச்பியிலும் ஸ்விஃப்ட்டிலும் அரே தனிப் பிரதியாக நடந்துகொள்ளும். கோ மொழியில் அரே என்றால் பிரதி, ஸ்லைஸ் என்றால் அடித்தளம் பகிர்வு. ‘போடு’ என்ற ஒரு செயலுக்கே இத்தனை நடத்தைகள்.

லூப்புக்குள் உருவாக்கிய ஃபங்ஷன்கள் கடைசி மதிப்பையே பிடித்துக்கொள்ளும் சிக்கலைப் பாருங்கள். சி ஷார்ப் 2012இல் ஐந்தாம் பதிப்பில் ‘ஃபார்ஈச்’ லூப்பின் நடத்தையை மாற்றியது. ஜாவாஸ்கிரிப்ட் 2015இல் ‘லெட்’ என்ற புதிய அறிவிப்பைக் கொண்டுவந்தது. கோ மொழி 2024 பிப்ரவரியில் 1.22ஆம் பதிப்பில் ஃபார் லூப்பின் பொருளையே திருத்தியது. கோ செய்ததை ஊன்றிக் கவனிக்க வேண்டும். லூப்பின் எழுத்துமுறையில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. திட்டத்தின் அமைப்புக் கோப்பில் எந்தப் பதிப்பு குறிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து, அதே வரி பழைய பொருளிலோ புதிய பொருளிலோ ஓடும். மொழியை உருவாக்கியவர்களே சின்டாக்ஸைத் தொடாமல் பொருளை மாற்ற முடிகிறது என்றால், மொழிகளுக்கிடையே சின்டாக்ஸ் மட்டும்தான் வேறு என்ற வாதம் எதன்மேல் நிற்கிறது?

5. தோற்கும் விதத்திலும் மொழிகள் ஒன்றுபோல் இல்லை.

பத்து உறுப்புள்ள அரேயில் பதினொன்றாவதைக் கேளுங்கள். ஜாவா உடனே கூச்சல் போட்டு நிறுத்தும். ஜாவாஸ்கிரிப்ட் வெறுமையைக் கொடுத்துவிட்டு மேலே போகும். பைத்தான் பதினொன்றாவதற்குப் பிழை சொல்லும், -1ஆவதைக் கேட்டாலோ கடைசி உறுப்பை எடுத்துக் கொடுக்கும். சி மொழி பக்கத்து நினைவகத்தில் என்ன கிடக்கிறதோ அதைக்கூடக் கொடுத்துவிடலாம்.

2014 ஏப்ரலில் வெளியான ஹார்ட்பிளீட் ஓட்டையின் சாரம் இந்தக் கடைசி வாக்கியம்தான். இணையப் பாதுகாப்புக்காக உலகமே பயன்படுத்திய ஓபன்எஸ்எஸ்எல் சி மொழியில் எழுதப்பட்டது. எதிர்முனை சொன்ன நீளத்தைச் சரிபார்க்காமல், இருக்கும் தரவுக்கும் அப்பால் படித்து அனுப்பியது. கடவுச்சொற்களும் மறைகுறிச் சாவிகளும் கசியக்கூடிய நிலை வந்தது. நீளத்தைச் சரிபார்க்கத் தவறியது மனிதப் பிழை, அதை எந்த மொழியிலும் செய்யலாம். ஜாவாவின் சாதாரண அரேயில் அப்படிச் செய்திருந்தால் நிரல் நின்றிருக்கும், சியில் இரகசியம் வெளியேறியது. ஒரு தவறுக்கு என்ன விலை என்பதை மொழி தீர்மானிக்கிறது. ‘எதில் எழுதினால் என்ன’ என்பவர் இந்த விலைப்பட்டியலைப் படிக்காதவர்.

6. மொழி ஒன்றாகவே இருந்தாலும், மேடை மாறினால் போதும்.

சி மொழியின் ‘லாங்’ வகை 64 பிட் லினக்ஸில் 64 பிட், 64 பிட் விண்டோஸில் 32 பிட். விண்டோஸ் இயல்பாகக் கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்ப்பதில்லை, லினக்ஸ் பார்க்கும். தன் மடிக்கணினியில் ஓடியது சேவையகத்தில் ஏன் ஓடவில்லை என்று விழிப்பவர்களில் பலரை விழவைத்தது அந்த ஓர் எழுத்து. ஜாவா 18 வெளிவந்த 2022 வரை, கோப்பைப் படிக்கும்போது எந்தக் குறியாக்கம் என்று நாம் சொல்லாவிட்டால் இயங்குதளத்தின் விருப்பமே செல்லுபடியானது. ஒரு கணினியில் தமிழாகத் தெரிந்தது இன்னொன்றில் கேள்விக்குறிகளாக மாறியது இதனாலும்தான்.

1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூருவிலிருந்து கிளம்பிய ஏரியான் 5 ராக்கெட் ஒரு நிமிடம்கூடத் தாங்காமல் வெடித்தது. ஏரியான் 4இல் குறையின்றி வேலை செய்த நிரல் பகுதியை அப்படியே எடுத்துப் புதிய ராக்கெட்டில் வைத்திருந்தார்கள். மொழியும் அதே ஏடா, வரிகளும் அதே வரிகள். புதிய ராக்கெட்டின் கிடைத்திசை வேகம் அதிகம். 64 பிட் தசம எண் 16 பிட் முழு எண்ணுக்குள் அடங்கவில்லை. முதன்மைக் கருவியும் மாற்றுக் கருவியும் ஒரே நிரலை ஓட்டியதால் இரண்டும் ஒரே காரணத்தால் கைவிரித்தன. லாஜிக்கை மட்டும் பார்த்தவர்களுக்கு அந்த நிரலில் குறை தெரிந்திருக்காது.

7. சின்டாக்ஸ்தான் வேறுபாடு என்றால், மாற்றுவது ஏன் இவ்வளவு கடினம்?

எழுத்துமுறை வேறுபாட்டை இயந்திரமே தீர்த்துவைக்கும். பைத்தான் 2இலிருந்து 3க்கு மாற அப்படி ஒரு கருவி மொழியோடேயே வந்தது. ‘பிரின்ட்’டுக்கு அடைப்புக்குறி போடுவதுபோன்ற வேலைகளை அது நொடியில் முடித்தது. ஆனாலும் 2008இல் வந்த பைத்தான் 3க்கு உலகம் நகர்ந்து முடிப்பதற்கு, பைத்தான் 2க்கு 2020 ஜனவரி 1 வரை ஆதரவை நீட்டிக்க வேண்டியிருந்தது. கருவியால் தொட முடியாதது பொருள்: 7ஐ 2ஆல் வகுத்தால் 3ஆ 3.5ஆ, ஸ்ட்ரிங் என்பது எழுத்தா பைட்டா. ஒரே மொழியின் அடுத்தடுத்த இரண்டு பதிப்புகளுக்கு இடையிலேயே பதினோரு ஆண்டு இழுபறி. இரண்டு வேறு மொழிகளை ‘அதே லாஜிக்தான்’ என்று கட்டிப்போடுபவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

பதில்கள் மூன்று வரும். மூன்றையும் பார்த்துவிடுவோம்.

“இதெல்லாம் மூலைமுடுக்கு விஷயங்கள், அன்றாட வேலையில் வராது” என்பது முதலாவது. ஸ்ட்ரிங்கை ஒப்பிடுவதும், பட்டியலைப் பிரதி எடுப்பதும், மீதி காண்பதும் மூலைமுடுக்கு என்றால் நடுக்கூடம் எது? அன்றாட வேலையில் வருவதால்தான் இந்தக் கேள்விகள் அன்றாடம் கேட்கப்படுகின்றன. அவற்றைக் கேட்பவரை ‘அடிப்படை தெரியாதவர்’ என்று இளக்காரம் செய்கிறவர்கள், அந்த அடிப்படை மொழிக்கு மொழி வேறு என்பதைச் சொல்லிக்கொடுக்காதவர்கள்.

“அப்படியானால் எல்லா மொழிகளையும் ஆழமாகப் படித்துவிட்டுத்தான் வேலைக்கு வர வேண்டுமா?” என்பது இரண்டாவது. வேண்டாம். என் வாதம் அதற்கு நேர் எதிரானது. புதிய மொழிக்குள் நுழையும்போது லூப் எழுதுவது எப்படி என்று தேடுவதற்கு முன், சில கேள்விகளுக்கு விடை தேடினால் போதும். எண்ணுக்கு எல்லை எது, தாண்டினால் என்ன ஆகும்? சமம் என்பது எதை ஒப்பிடுகிறது? ஒன்றை இன்னொன்றில் போட்டால் பிரதியா, பகிர்வா? எழுத்து என்பது எந்த அலகு? தோல்வி கூச்சலாக வருமா, மௌனமாக வருமா? இயங்குதளத்திடமிருந்து எதையெல்லாம் கடன் வாங்குகிறது? ஒரு நாள் வேலை இது. ‘வெறும் சின்டாக்ஸ்’ என்று நம்பியவர் இந்த ஒரு நாளைச் செலவழிக்க மாட்டார். கேட்க ஒன்றுமில்லை என்றுதானே அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்!

மூன்றாவது, புதுப்பதில்: “இனி செயற்கை நுண்ணறிவு கோடு எழுதிக்கொடுத்துவிடும், மொழி எதற்கு?” இந்தப் பதில் பழைய மூடநம்பிக்கையின் கழுத்திலேயே கத்தியை வைக்கிறது. சின்டாக்ஸை இயந்திரம் பார்த்துக்கொள்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அது எழுதிக்கொடுத்த நிரல் பிழையின்றிக் கம்பைல் ஆகும், படிக்கவும் அழகாக இருக்கும். அதில் ஜாவா ஸ்ட்ரிங்கை == கொண்டு ஒப்பிட்டிருந்தால், மீதி காணும் இடத்தில் மைனஸ் வருமென்றால், யார் கண்டுபிடிப்பது? எழுதும் வேலை குறையக் குறைய, எழுதியதன் பொருளை அறிந்து பொறுப்பேற்கும் வேலைதான் மனிதனிடம் எஞ்சுகிறது. நம் பாடத்திட்டம் கைவிட்டது சரியாக அதைத்தான்.

இந்தக் கருத்தைத் தாங்கிப்பிடிப்பது பெரும்பாலும் அறியாமை இல்லை, வசதி. ஒரே ஆசிரியரை வைத்து எந்த மொழிப் பாடத்தையும் நடத்திவிடலாம். ஒரே வினாத்தாளை வைத்து எல்லோரையும் தேர்வு செய்யலாம். ஜாவாவில் பயிற்சி பெற்றவரைத் திங்கட்கிழமை பைத்தான் திட்டத்தில் உட்காரவைத்து, வாடிக்கையாளரிடம் அனுபவசாலி என்று கணக்கு எழுதலாம். இதன் செலவை நள்ளிரவில் பிழை தேடும் இளைஞரும், தவறான பட்டியலில் பெயர் விட்டுப்போன பயனரும் ஏற்கிறார்கள்.

எனவே கல்லூரிகளிடமும் தேர்வாளர்களிடமும் ஒரே கோரிக்கை. “எந்த மொழியிலும் எழுதலாம்” என்ற கேள்வியை ஓய்வுக்கு அனுப்புங்கள். பத்து வரி நிரல் ஒன்றை மூன்று மொழிகளில் எழுதிக் கொடுத்து, ஒவ்வொன்றும் என்ன விடை தரும், ஏன் வேறுபடுகிறது என்று கேளுங்கள். மனப்பாடம் செய்த ஃபிபனாச்சியும் பகா எண்ணும் அந்தத் தேர்வில் உதவா. அதில் தேறுபவருக்கு அடுத்த மொழி உண்மையிலேயே எளிதாக வரும். மொழிகள் எங்கெங்கே வேறுபடும் என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும்.